கிணற்றுத் தண்ணீரிலிருந்து பாடம் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றில் சுற்றுச்சூழல் அறிவியலைத் தனிப் பட்டப்படிப்பாகக் கொண்டுவர ஏற்பாடு நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். பாடத்திட்டம் இன்னும் முடிவாகவில்லையாம். முடிவாகும் முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பேராசிரியர் இல்லை. வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் 29 வருடம் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன்.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்லூரிகளுக்கு அது முறையான தாளாக வந்து சேர பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் ஆயிற்று. எங்கள் கல்லூரிக்கு வந்தபோது, யாருக்கு வகுப்பு நேரம் குறைவாக இருக்கிறதோ அவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். வணிகவியல் ஆசிரியரும் எடுத்தார், வரலாற்று ஆசிரியரும் எடுத்தார். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. யாரும் அவர்களுக்குப் பயிற்சி தரவில்லை. பிள்ளைகள் தேர்வுக்கு முதல் நாள் கடையில் நோட்ஸ் வாங்கி, ஓசோன் ஓட்டை, அமேசான் காடு என்று மனப்பாடம் பண்ணித் தேறிவிட்டார்கள். அந்த நோட்ஸில் பாலாறு பற்றி ஒரு வரி கிடையாது.

'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வழக்கின் பெயர் மட்டும் இருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம். ஒரு மாணவி அதைக் கொண்டுவந்து, "அண்ணா, இது நம்ம வேலூரா, வேற ஏதாவது வேலூரா?" என்று கேட்டாள். நம்ம வேலூர்தாம்மா என்றேன். இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் அந்தத் தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28-ல் வந்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ கெட்டுப்போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணித்ததை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. அந்தக் கணக்குக்குள் அவளுடைய ஊரும் இருந்திருக்கும். அவளுக்கு அது தெரியாது.

என் அப்பாவுக்கும் அப்படி ஒரு நிலம் இருந்தது, பாலாற்றங்கரையில். 1993-ல் என்று நினைவு. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, நெல் பயிர் நுனி கருகுகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். 20 மில்லி எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு சேர்த்தால் மஞ்சளாகும். மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழ விழ, பால் திரிந்தது போல் வெள்ளையாகப் படியும். தண்ணீரில் உப்பாக இருக்கும் குளோரைடு தீர்ந்த அடுத்த சொட்டில் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும். எவ்வளவு அதிகம் சொட்டு விட வேண்டியிருக்கிறதோ அவ்வளவு உப்பு. கல்லூரிக் குழாய்த் தண்ணீருக்குச் சில மில்லியிலேயே அந்த நிறம் வந்துவிடும். அப்பாவின் கிணற்றுத் தண்ணீருக்கு 50 மில்லி பியூரெட் முழுதும் காலியாகியும் வரவில்லை. கரைசல்தான் தப்பு என்று புதிதாகத் தயாரித்துப் பார்த்தேன். அப்போதும் இரண்டாம் முறை நிரப்பிய பிறகுதான் நிறம் மாறியது. சில்வர் நைட்ரேட் பட்ட விரல்கள் ஒரு வாரம் கறுப்பாகவே இருந்தன. விலை உயர்ந்த மருந்தைச் சொந்தக் கிணற்றுக்குச் செலவழிக்கலாமா என்று மேலே கேட்டார்கள். கேட்டது சரிதான். ஆனால் அந்த அறையில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டுக் கிணறுகளும் அந்த மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

புதிய படிப்பில் நான் கேட்பது இதைத்தான். பெரிய கருவிகள் பிறகு வரட்டும். முதலில் ஆற்றை ஒட்டி இருபது, முப்பது கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, சித்திரையில் ஒரு முறை, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு முறை, ஒவ்வொரு வருடமும் அதே கிணறுகளை மாணவர்களே அளக்கட்டும். தமிழில் ஒரு பதிவேடு இருக்கட்டும்; கிணற்றுக்காரரும் வந்து புரட்டிப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2023-ல் தந்த வழிகாட்டுதலிலும் களப்பணி உண்டு. அதை ஒரு நாள் ஏலகிரிச் சுற்றுலாவாக முடித்துவிடக் கூடாது.

தோல் தொழிலைத் திட்டுவதற்கு ஒரு படிப்பு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் அந்தச் சம்பளத்தில்தான் எத்தனையோ பிள்ளைகள் கல்லூரிக்கே வருகிறார்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் போய்க் குரோமிய ரசாயனத்தால் பதனிடுவது எப்படி வந்தது, பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பு எப்படி நிலத்தடிக்குப் போகிறது, சுத்திகரித்த பிறகும் அந்த உப்பை என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளைகள்தான் முதலில் படிக்க வேண்டும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலை வளாகத்தில் மலை போல் கிடக்கும் குரோமியக் கழிவையும் வெளியில் நின்றாவது பார்க்கட்டும். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். சுற்றுச்சூழல் பாடத்தில் தொழிலாளியின் உயிரும் ஒரு அத்தியாயம் என்று அந்த விடியற்காலையில்தான் எனக்கு உறைத்தது.

தீர்ப்பு வந்து 28 வருடம் கழித்தும், 2025 ஜனவரி 30-ல், நிலம் கெட்டவர்களுக்குத் தர வேண்டிய இழப்பீட்டைப் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. வருடா வருடம் அளந்து எழுதிய கணக்கு உள்ளூர்க் கல்லூரியில் இருந்திருந்தால் எத்தனையோ விவசாயிகளுக்குக் கையில் ஒரு தாளாவது இருந்திருக்கும். என் அப்பாவிடம் அப்படிக் கல்லூரி தந்த தாள் எதுவும் இல்லை.

இன்னொன்று. ஆய்வக உதவியாளர் பணியிடத்தை நிரப்பாமல் இந்தப் படிப்பைத் தொடங்காதீர்கள். கரைசல் பிசகினால் பதிவேடு முழுக்கப் பொய்யாகிவிடும்.

1993-லிருந்து ஓய்வு பெறும் வரை, எங்கள் கிணற்றையும் அக்கம்பக்கத்து நான்கு கிணறுகளையும் முடிந்தபோதெல்லாம் சோதித்து எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. சில வருடங்கள் விட்டுப்போயிருக்கின்றன. புதிய துறை கேட்டால் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
வாலாஜாபேட்டை வட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)