மெனோர்க்கா படகுப் பயணம்: திட்டத்தில் காற்றையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயின் நாட்டின் மெனோர்க்கா தீவைப் படகு வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் சுற்றிவருவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இபிசா, மயோர்க்கா ஆகிய அண்டைத் தீவுகளின் ஆரவாரத்துக்கு அருகிலேயே இருந்தும் ஒதுங்கி நிற்கும் இத்தீவைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது பாராட்டத்தக்கது. ஆனால், கட்டுரையின் முடிவில் கட்டமிட்டுக் கொடுத்திருந்த ஏழு நாள் நிகழ்ச்சி நிரலைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. ஞாயிறு இந்தக் குடா, திங்கள் அந்தத் துறை என்று இரவுத் தங்கலை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு யாரும் முன்பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அக்கடலில் எந்த இரவை எங்கே கழிப்பது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்; அதற்கு இடம்விட்டு வகுக்கப்படாத திட்டம் இரண்டாம் நாளே பயனற்றுப் போகும்.

மெனோர்க்காவின் நீளம் 50 கிலோமீட்டருக்கும் குறைவு. மணிக்கு 5 அல்லது 6 கடல்மைல் (நாட்) வேகத்தில் செல்லும் சாதாரணப் பாய்மரப் படகே ஒரு பகல் பொழுதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும் என்பதால், தொலைவு அங்கே பெரிய பொருட்டல்ல. பொருட்படுத்த வேண்டியது, இரண்டு கரைகளும் இரண்டு வேறு நாடுகளைப் போல இருப்பதைத்தான். தென்கரை முழுவதும் வெளிர்நிறச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காலங்காலமாக அறுத்த பள்ளத்தாக்குகள் கடலைச் சேரும் இடங்களிலெல்லாம் மக்கரேயா, துர்கேத்தா, மித்ஜானா போன்ற சிறு மணற்குடாக்கள் அமைந்திருக்கின்றன. வடகரையோ மிகப் பழமையான கரும்பாறைகளாலும் செம்பாறைகளாலும் ஆனது. நீருக்கடியில் திட்டுகளும் கரையோரத்தில் பல்வரிசைபோன்ற சிறு தீவுகளும் நிறைந்தது. கட்டுரையில் இடம்பெற்ற படங்கள் அத்தனையும் தென்கரையில் எடுக்கப்பட்டவை. வடகரையில் செந்நிற மணல் கொண்ட பிரெகோந்தாவையும், கரிய பலகைப்பாறைகள்மீது நிற்கும் ஃபவாரித்ஸ் கலங்கரை விளக்கத்தையும் கடலிலிருந்து பார்த்தவர்கள், தீவின் அமைதியான பாதி எது என்பதில் என்னோடு உடன்படுவார்கள் என்று நம்புகிறேன்.

பிரனீஸ் மலைகளுக்கும் பிரான்சின் நடுமேட்டு நிலத்துக்கும் இடையிலான இடுக்கு வழியே பாய்ந்து, லயன் வளைகுடாவைக் கடந்து வரும் வாடைக்காற்றுக்கு அத்தீவுகளில் திரமுந்தானா என்று பெயர். மெனோர்க்கா அக்காற்றின் நேர்வழியில் கிடக்கிறது. வடபகுதியில் காட்டு ஆலிவ் மரங்கள் தெற்கு நோக்கிச் சாய்ந்தே வளர்ந்திருப்பதைக் கரையிறங்கி நடப்பவர் எவரும் காணலாம். குளிர்காலத்தில் அதன் வலிமை அதிகம் என்றாலும் கோடையில் வராது என்று சொல்வதற்கில்லை. அது வீசும் நாளில் தென்கரைக் குடாக்கள் குளம்போல் கிடக்கும். காற்று தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ திரும்பிவிட்டால் அதே குடாக்களில் இரவு முழுவதும் அலை உள்ளே புரண்டு, படுத்திருப்பவரை இப்பக்கமும் அப்பக்கமும் உருட்டும். அப்போது வடகரையில் ஃபோர்னெல்ஸ் விரிகுடாவோ அத்தாயா துறையோதான் புகலிடம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஃபோர்னெல்ஸின் உட்பகுதி எல்லாக் காற்றிலும் அலை அடங்கியது; ஆனால் அதன் வாய் குறுகலானது, வடக்கு நோக்கித் திறந்தது. திரமுந்தானா எழுந்த பிறகு அந்த வாயில் வழியே நுழைய முற்படுவது ஆபத்து. எழுவதற்கு முன்பே உள்ளே போய்விட்டவர் நிம்மதியாக உறங்கலாம். வானிலை அறிவிப்பை நாள்தோறும் இருமுறை பார்த்து, அடுத்த இரவுக்கான இடத்தை முந்தைய மாலையில் தீர்மானிப்பதே அங்குள்ளவர்களின் வழக்கம்.

மத்தியதரைக் கடலின் நல்ல துறைமுகங்கள் ஜூன், ஜூலை, ஆகஸ்ட், மாஓன் என்று பழைய மாலுமிகளிடையே ஒரு சொலவடை உண்டு; கோடையின் அம்மூன்று மாதங்களில் எங்கும் நிற்கலாம், மற்ற நாள்களில் மாஓனைத்தான் நம்பலாம் என்பது அதன் பொருள்; அதை 16-ஆம் நூற்றாண்டின் ஜெனோவாக் கடற்படைத் தளபதி அந்திரேயா தோரியாவின் வாக்கு என்பார்கள். மெனோர்க்காவின் தலைநகரான மாஓன், ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் உள்வாங்கிய இயற்கைத் துறைமுகம். ஆங்கிலேயர் 1708-இல் அத்தீவைக் கைப்பற்றி, 1713-ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கையால் உறுதிசெய்துகொண்டு, இடையிடையே இழந்தும் மீட்டும் 1802 வரை விடாமல் பற்றிக்கொண்டிருந்ததற்குக் காரணமே இந்தத் துறைமுகம்தான். அதன் நடுவே அவர்களது கடற்படை மருத்துவமனை இருந்த ரேய் தீவையும், தொற்றுநோய்க் காலத்தில் கப்பல்களைத் தனிமைப்படுத்திவைத்த லசரெத்தோவையும் கடந்து படகில் உள்ளே போவது, நகருக்குத் தரைவழியாக வந்துசேர்பவர்களுக்குக் கிடைக்காத அனுபவம். எந்தத் திட்டத்திலும் மாஓனுக்கு இரண்டு இரவுகளை ஒதுக்கிவையுங்கள்; வானிலை கெட்டால் அங்கே காத்திருக்கலாம், கெடாவிட்டாலும் அந்த நாள்கள் வீணாகா.

சொலவடையில் வரும் ஆகஸ்டை மட்டும் நான் தவிர்க்கச் சொல்வேன். ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வாழும் தீவில் ஆகஸ்ட் மாதத்தில் மனிதர்களின் எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேலாகிறது. மக்கரேயாவில் நண்பகலில் படகுகள் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்பதே பெரும்பாடு. அமைதியைத் தேடிப் போகிறவர்கள் ஜூன் மாதத்தின் முதல் பாதியையோ செப்டம்பரையோ தேர்ந்தெடுக்கலாம். செப்டம்பரில் கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். கூடவே திடீர் இடிமழையும் வரக்கூடும். 2024 ஆகஸ்ட் நடுவில் கொட்டிய கனமழையில் அலயோர், எஸ் மெர்கதால் ஆகிய ஊர்களில் வெள்ளம் புகுந்ததோடு, அத்தாயா துறையில் கட்டியிருந்த படகுகளும் அடித்துச் செல்லப்பட்டன. காற்றுக்குப் பாதுகாப்பான துறை, மலைநீருக்கும் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது என்பதை இது காட்டுகிறது.

கட்டுரையாளர் ஒரு வரியில் கடந்துபோன சியூதாதேயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீவின் மேற்கு முனையில் உள்ள இப்பழைய நகரின் துறைமுகம், பாறையை வெட்டிவைத்ததுபோல் நீண்டு குறுகியது. படித்துறைக்கு மேலே மஞ்சள் நிறக் கல் மாளிகைகள் எழுந்து நிற்க, அதன் கீழே படகைக் கட்டிவிட்டு நடந்தே தேவாலய வீதிக்குப் போய்விடலாம். ஆனால் வளிமண்டல அழுத்தத்தில் உண்டாகும் சிறு ஏற்ற இறக்கங்கள், இக்குறுகிய துறைக்குள் வந்ததும் ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளுவதுபோல் பெருகி, சில நிமிடங்களில் நீர்மட்டத்தைத் தாழ்த்தி உயர்த்தும். இதை ரிஸ்ஸாகா என்கிறார்கள். 2006 ஜூன் 15 அன்று இப்படி நேர்ந்தபோது துறைமுக நீர் ஏறத்தாழ நான்கு மீட்டர் அளவுக்கு ஏறியிறங்க, முப்பதுக்கும் மேற்பட்ட படகுகள் மூழ்கின. காற்றே இல்லாத, வெக்கையான நாளிலும் இது வரலாம் என்பதால் வெளியூர்ப் படகோட்டிகள் ஏமாந்துபோகிறார்கள். ஸ்பெயின் வானிலைத் துறை ரிஸ்ஸாகாவுக்கென்றே தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. அது வந்துள்ள நாளில் சியூதாதேயாவுக்குப் பேருந்தில் போய்வருவதே புத்திசாலித்தனம்.

இனி நங்கூரம். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது பெருங்குறை என்று கருதுகிறேன். அக்கடலடியில் பொசிடோனியா என்னும் புல்வெளிகள் பரந்துகிடக்கின்றன. பாசியைப்போலத் தோன்றினாலும் அது பூத்துக் காய்க்கும் தாவரம். அங்குள்ள இனம் மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அதன் கிழங்குத்தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே பக்கவாட்டில் படர்வதால், ஒரு நங்கூரம் ஒரே இழுப்பில் உழுதுபோடும் இடம் ஆறப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். கட்டுரை வியந்து போற்றும் அந்தக் கண்ணாடி நீரும், குளிர்காலப் புயலில் கரைமணல் அரித்துப்போகாமல் நிற்பதும் இப்புல்லின் கொடைதான். மெனோர்க்காவும் அண்டைத் தீவுகளும் அடங்கிய பலேரிக் தீவுகளில் 2018 முதல் நடைமுறையில் உள்ள அரசாணைப்படி இதன்மீது நங்கூரம் பாய்ச்சுவது தண்டனைக்குரிய குற்றம். கண்காணிப்புப் படகுகள் கோடையில் சுற்றிவந்து, இடம் மாற்றி நிறுத்தச் சொல்கின்றன. அபராதத்துக்கு அஞ்சி என்றில்லை, தன்னலத்துக்காகவும் புல்லை விலக்குவது நல்லது. வேர்ப்பின்னலில் நங்கூரம் சரியாகப் பிடிக்காமல் நள்ளிரவில் கழன்றுகொள்ளும்.

புல்லுள்ள இடம் கருநீலத் திட்டாகவும் மணலுள்ள இடம் வெளிர் பச்சையாகவும் தெரியும் என்பதால், சூரியன் உயரத்தில் இருக்கும்போதே குடாவுக்குள் போய்விட வேண்டும். மாலைச் சாய்வெயிலில் எல்லாம் ஒரே பளபளப்புத்தான். துர்கேத்தாவில் எங்கள் படகைச் செலுத்தியவர் முன்முனையில் நின்று வெளிர்த் திட்டின் நடுவைக் கையால் காட்டி, படகு முழுவதும் நின்ற பிறகே சங்கிலியை இறக்கச் சொன்னார். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு நீளத்தை விட்டு, எந்திரத்தை மெல்லப் பின்னோக்கி இயக்கியபடி சங்கிலியின்மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். அதிர்வு வந்தால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது, வராவிட்டால் மணலில் புதைந்துவிட்டது என்பது அவர் கணக்கு. அதன்பிறகும் மனநிறைவு இல்லாமல் நீரில் குதித்து, மூழ்கிப் பார்த்துவிட்டுத்தான் மதிய உணவுக்கு உட்கார்ந்தார். வாடகைக்கு எடுப்பவர்கள் தாமாகப் படகை ஓட்டினாலும் இந்த அரைமணி நேர வேலையைச் சுருக்கக் கூடாது. ஃபோர்னெல்ஸ் போன்ற இடங்களில் புல்வெளியைக் காப்பதற்காகவே அமைத்துள்ள மிதவைகளில் படகைக் கட்டிக்கொள்ளலாம். அவற்றை முன்பதிவு செய்யும் வசதி உண்டு. கோடையில் கடற்கரைகளுக்கு முன்னே மஞ்சள் மிதவைகளால் வரையறுத்துள்ள குளிப்போர் பகுதிக்குள் படகு நுழையவே கூடாது.

செலவுக் கணக்கைப் பொறுத்தவரை கட்டுரை விளம்பரக் கட்டணத்தோடு நின்றுவிட்டது. அத்தொகையின்மேல் ஸ்பெயினின் 21 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி சேர்ந்ததா இல்லையா என்பதை முதலில் கேட்க வேண்டும். எரிபொருள், இறுதித் துப்புரவு, படுக்கை விரிப்புகள், துறைமுகக் கட்டணம், வெளிப்புற எந்திரம் பொருத்திய சிறு ரப்பர் படகு ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. படகுக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்டப் பிணைத்தொகையாகச் சில ஆயிரம் யூரோக்களைக் கடன் அட்டையில் பிடித்துவைப்பார்கள். கையெழுத்திடும் முன் படகின் பக்கங்களையும் பாய்களையும் நங்கூரத்தையும் படமெடுத்துவைத்துக்கொள்வது, வாரக் கடைசியில் எழக்கூடிய வீண் வாதங்களைத் தவிர்க்கும். படகைத் தாமே ஓட்ட விரும்புவோருக்கு அந்நாடு ஏற்கும் படகோட்டிச் சான்றிதழ் கட்டாயம். அது இல்லாதவர்கள் ஸ்கிப்பர் ஒருவரை நாள்கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் அவருக்கும் ஒரு படுக்கையும் மூன்று வேளை உணவும் நம் கணக்கில்தான் என்பதால், எட்டுப் பேர் படுக்கும் படகில் ஏழு பேர்தான் போக முடியும். ஷெங்கன் விசா தேவைப்படுவோர், அது கைக்கு வரும் முன் முழுத் தொகையையும் செலுத்தும்படியான ஒப்பந்தத்தில் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

எங்கிருந்து புறப்படுவது என்பதில்தான் கட்டுரையின் யோசனையோடு நான் அதிகம் முரண்படுகிறேன். படகுகள் மிகுதி, வாடகை குறைவு என்ற காரணங்களால் மயோர்க்காவின் பால்மாவிலிருந்து கிளம்பச் சொல்கிறார் கட்டுரையாளர். பால்மா அத்தீவின் தென்மேற்கில் இருக்கிறது. அங்கிருந்து மயோர்க்காவின் பாதிக் கரையைக் கடந்து, பின் இரு தீவுகளுக்கும் இடையே கால்வாய் எனப்படும் திறந்த கடற்பரப்பையும் தாண்டி மெனோர்க்காவை அடைவதற்குள் ஒன்றரை நாளேனும் போய்விடும். திரும்புவதற்கும் அதே அளவு வேண்டும். திரமுந்தானா வீசினால் கால்வாயில் அலை பக்கவாட்டில் அறையும். குழந்தைகளோடும் முதன்முறையாகக் கடலுக்கு வருவோரோடும் அதைக் கடப்பது விடுமுறையாக இராது. படகு வாடகை வாரம் என்பது பொதுவாகச் சனிக்கிழமைப் பிற்பகல் தொடங்கி அடுத்த சனிக்கிழமைக் காலையில் முடிவது. வெள்ளிக்கிழமை மாலையே தளத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் விதியும் இருக்கும். எஞ்சும் ஆறு நாள்களில் பாதியைப் பால்மாவுக்குப் போக வர என்று கொடுத்துவிட்டால், வியாழனன்று காற்று கெட்டிருந்தாலும் புறப்பட்டாக வேண்டிய நெருக்கடி உண்டாகும். கடலில் விபத்துகள் இத்தகைய அவசரத்தில்தான் நேர்கின்றன. சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தேனும் மாஓனிலேயே படகு எடுப்பது மேல். அங்கே படகுகள் குறைவு என்பதால் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும்.

மாஓனிலிருந்து கிளம்புவோருக்கு முதல்நாள் மாலையில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைத் தவிர வேறெதையும் தீர்மானிக்கத் தேவையில்லை. வாடை வீசும் எனில் தெற்கே திரும்பி, கடற்பாறையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பழங்காலப் புதைகுகைகள் குடையப்பட்டுள்ள காலஸ் கோவஸ் வழியாக மேற்கே போகலாம். தெற்குக் காற்று எனில் வடக்கே திரும்பி, எஸ் கிராவ் கரைக்கு எதிரே உள்ள கொலோம் தீவின் மறைவில் முதல் இரவைக் கழித்துவிட்டு, ஃபவாரித்ஸ் முனையைக் காலையில் சுற்றலாம். தீவை முழுவட்டமாகச் சுற்றிமுடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால், ஒரு கரையில் மட்டுமே வாரத்தைக் கழித்தாலும் குறையொன்றும் இல்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி விரைவில் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஏழு நாள் கட்டத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு குடாவும் எந்தத் திசைக் காற்றுக்கு அடங்கியது, அடியில் மணலா புல்லா, மிதவை உண்டா இல்லையா என்று குறிக்கப்பட்ட தீவின் வரைபடம் ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்