கல்லைத் தேடாதே, புல்லைப் பார்

அன்புள்ள பாஸ்கர்,

பதில் போடத் தாமதம்தான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஷ்ரூஸ்பரிக்கு வேலைக்குப் போனதிலிருந்து லட்லோ, லட்லோ என்று கற்கோட்டைப் புராணமே பாடுகிறாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லை தாண்டி வேல்ஸில் மாண்ட்கமரிக்குப் போ. ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வடமேற்கே ஹென் டோமன். செவர்ன் ஆற்றுத் துறையில் ஒரு கண் வைக்க நார்மன் பிரபு ரோஜர் டி மாண்ட்கமரி 1070-களில் எழுப்பிய மரக்கோட்டை. 1095-ல் வேல்ஸ்காரர்கள் பிடித்தார்கள். 1223-ல் மூன்றாம் ஹென்றி பக்கத்துப் பாறைமேல் கற்கோட்டை தொடங்கியதும் இதன் மவுசு குறைந்தது. இன்று மேடும் பள்ளமும்தான் மிச்சம்.

போனதும் மேட்டில் ஏறி நிற்காதே. அது அகழி வெட்டிய மண். வெட்ட வெட்டக் கொட்டியதால் மேல்மண் அடியிலும் அடிமண் உச்சியிலும் கிடக்கும். அதற்குள் அகப்படும் பானை ஓட்டுத் துண்டு கோட்டைக்கும் மூத்ததாக இருக்கலாம். அதை வைத்துக் காலம் சொன்னால் கோவிந்தாதான்.

சரக்கெல்லாம் கீழ்வளாகத்தில், அதாவது மேட்டின் அடியில் ஆட்கள் குடியிருந்த முற்றத்தில். பிலிப் பார்க்கர் 1960-ல் தொடங்கிய அகழாய்வு முப்பது வருஷத்துக்கு மேல் நீண்டது. குறுகலாகப் பள்ளம் இறக்காமல், பரப்பாகத் திறந்து கொத்தனார் கரண்டியால் சுரண்டினார்கள். ஏன் தெரியுமா? நட்ட தூண் குழியை விட்டுப்போகும்: தூண் மக்கிய இடத்தில் கருத்த மண், சுற்றி இறுக்கிய கல். ஆனால் தரைமேல் கிடத்திய கட்டையில் எழுப்பிய வீட்டுக்குக் குழியே கிடையாது. ஒரு மங்கல் கோடு, அல்லது கூழாங்கல் தரை நேர்கோட்டில் சட்டென்று முடிவது, அவ்வளவுதான். குறுகிய பள்ளத்தில் அது வெறும் கல். பரப்பாகப் பார்த்தால்தான் வீடு. மண் காய்ந்தால் அந்த நிறமும் மறையும், தண்ணீர் தெளித்துத்தான் பார்க்கவேண்டும். இப்படித்தான் காலி முற்றம் என்று நினைத்த இடத்தில் வீட்டோடு வீடு ஒட்டிய நெரிசல் தெரியவந்தது. சீனு கேட்டால் 'குழிப்புராணம்' என்பான், சொல்லிவிடாதே.

என்னை உலுக்கியது வேறு. கோட்டையின் மண்கரைக்கு அடியில் பழைய உழவுச் சால்கள். 1086-ன் டூம்ஸ்டே பதிவேடு, அதாவது இங்கிலாந்து மன்னர் எடுத்த நிலக் கணக்கு, அந்த வட்டாரத்தைப் பாழ் நிலம் என்கிறது. யாரோ உழுது, விட்டுப்போன வயல்மேல்தான் கோட்டையே.

ஜனவரி, பிப்ரவரியில் பிற்பகல் போ. புல் குட்டை, வெயில் சாய்வு, இரட்டைக் கரையும் இரட்டை அகழியும் நிழலில் பளிச்சென்று தெரியும். நிலம் தனியாருடையது, கேட்டுவிட்டு நுழை. மெட்டல் டிடெக்டர் கூடவே கூடாது, சட்டப்படி குற்றம். வெளிக்கரையில் நின்று எடுத்த படம் அனுப்பு. உச்சியில் நின்ற செல்ஃபி வேண்டாம்.

உன்,
ராமு