பாம்பு சரி, எலிக்கு எங்கே போவாய்?

அன்புள்ள பெறாமகனுக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பின படத்தைப் பார்த்தேன். போல் பைதன் என்கிற ஆபிரிக்க மலைப்பாம்பின் குட்டிதான், வடிவாயிருக்கிறது. "சின்னம்மா, நீங்கள் கனடாவில் பாம்பு வளர்த்தனீங்கள்தானே, என்னை வளர்க்க விடச்சொல்லி அம்மாவிட்ட ஒருக்கால் கதையுங்கோ" என்று கேட்டிருக்கிறாய். அம்மாவிடம் போகமுதல் உன்னோடு கொஞ்சம் கதைக்கவேண்டியிருக்கிறது. குரல் பதிவாக அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், அதனால் எழுதுகிறேன். வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் இதே மாதிரிப் படத்தை போனில் வைத்துக்கொண்டு யோசிக்கிற பொடியள் வேறும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் உன் பெயரைப் போடாமல் பொதுவில் எழுதுகிறேன்.

வளர்த்தது உன் அண்ணன். கோர்ன் பாம்பு, அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்தது, நஞ்சில்லை, ஒன்றரை மீற்றர் அளவில் நின்றுவிடும். ரொறன்ரோவில் நஞ்சுள்ள பாம்பையும், வளர்ந்தால் 3 மீற்றரைத் தாண்டக்கூடிய இனங்களையும் வீட்டில் வைத்திருக்க நகரசபை விடாது. இது இரண்டிலும் சேர்த்தியில்லை என்பதால் சட்டச் சிக்கல் வரவில்லை. அவன் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் பாம்பு என் பொறுப்பில் வந்தது. அப்போதுதான் விளங்கியது, பாம்பு வளர்ப்பு என்பதில் பாம்பு சின்னப் பங்கு, எலிதான் பெரிய பங்கு என்று. கூட்டைத் துடைக்கிறதும் தண்ணீர் மாற்றுகிறதும் பத்து நிமிட வேலை. மிச்சமெல்லாம் எலி.

அங்கே செல்லப்பிராணிக் கடையில் உறைந்த எலி கிடைக்கும். மயிர் முளைக்காத குஞ்சு, பூமயிர் விட்ட குஞ்சு, துள்ளித் திரிகிற வயதுக் குஞ்சு, வளர்ந்தது என்று அளவுவாரியாகப் பையில் போட்டு விற்பார்கள். பாம்பின் உடம்பில் எந்த இடம் ஆகத் தடிப்போ அந்தத் தடிப்புக்கு ஒரு எலி, இதுதான் கணக்கு. குட்டியாக இருக்கும்போது கிழமைக்கு ஒன்று, வளர்ந்தபிறகு இரண்டு கிழமைக்கு ஒன்று. ஆசையில் கூடக் கொடுத்தால் கொழுத்துச் சாகும்.

தீனி கொடுக்கிற நாளை உனக்கு விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீடியோவில் கடைசி ஐந்து செக்கனைத்தான் போடுவார்கள். முதல்நாள் இரவே எலியை ஃபிறீசரிலிருந்து எடுத்து, பொலித்தீன் பையோடு ஒரு ரின்னுக்குள் வைத்து, பிறிட்ஜின் கீழ்த்தட்டில் விடுவேன். மைக்றோவேவ் கூடவே கூடாது. உள்ளே வெந்து, வெளியே குளிர்ந்து, சில நேரம் வெடிக்கும். அடுத்தநாள் பையோடு சுடுதண்ணீரில் போட்டு, உயிருள்ள எலியின் சூட்டுக்கு, 38 பாகை அளவுக்குக் கொண்டுவந்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, நீண்ட இடுக்கியால் இடுப்பில் பிடித்து நீட்டவேண்டும். கையால் நீட்டினால் அதற்குக் கையும் எலியும் ஒன்றுதான்.

முதலில் நாக்கு மட்டும் வெளியே வரும். மெதுவாக, பிறகு கெதியாக. வாசனையைப் பொறுக்கி வாய்க்குள் மேலண்ணத்தில் இருக்கிற உறுப்புக்குக் கொண்டுபோகிறது. தலை அசையாது, கழுத்து மட்டும் பின்னுக்கு மடிந்து வளையும். அடிப்பதை நீ காணமாட்டாய், அடித்தபிறகு எலியைச் சுற்றி இரண்டு மூன்று சுருள் இருப்பதைத்தான் காண்பாய். செத்த எலியையும் அது நெரிக்கும். இறுக்குவது மூச்சை அடைக்க என்றுதான் முந்திச் சொன்னார்கள். போவா பாம்புகளை அளந்து பார்த்ததில் இரத்த ஓட்டமே நின்றுபோகிறது என்று தெரிந்தது. பிறகு சுருளைத் தளர்த்தி, மூக்கால் எலியின் உடம்பு முழுக்கத் தடவித் தலையைத் தேடும். தலைப்பக்கமாக விழுங்கினால்தான் கால்கள் உடம்போடு மடிந்து உள்ளே போகும். இடத்தாடை ஒரு அடி, வலத்தாடை ஒரு அடி என்று எலியின்மேல் நடந்து போகிற மாதிரி விழுங்கும். வால் கடைசியாகப் போகும். முடிந்ததும் பெரிதாக ஒரு கொட்டாவி, விரிந்த தாடையைச் சரிப்படுத்த. அதற்குப்பிறகு இரண்டு நாளைக்குத் தொடக்கூடாது. தொட்டால் வாந்தி எடுக்கும். அந்த மணத்தை நான் எழுதப்போவதில்லை.

இனி நீ சொல்லு, கொழும்பில் எலிக்கு எங்கே போவாய்?

காலி வீதிக் கானில் பூனை அளவு எலி ஓடுகிறது என்று பகிடியாகச் சொல்வாய். அதைத்தான் தொடக்கூடாது. எலிக்காய்ச்சல் இங்கே ஆளைக் கொல்கிற வருத்தம். 2008இல் மட்டும் நாட்டில் 7,000 பேருக்கு மேல் பதிவானது. கிருமி எலியின் சிறுநீரில் இருக்கிறது, பிடிக்கிற உன் கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். அதோடு எங்கள் பக்கத்து அரைவாசி வீட்டில் எலிப்பாசாணம் வைக்கிறார்கள். இரத்தத்தை உறையவிடாமல் கொல்கிற அந்த மருந்து எலியை அந்த இடத்திலேயே சாய்க்காது, தின்றபிறகும் நாலைந்து நாள் நடமாடவிடும். அந்த எலியைத் தின்கிற பாம்பின் உடம்புக்கும் அந்த நஞ்சு போகும்.

வெள்ளை எலி விற்கிற கடையில் உயிரோடு வாங்கலாம் என்று நினைப்பாய். பசியில்லாத பாம்போடு உயிருள்ள எலியை ஒரு பெட்டியில் விட்டால், இரவில் கடிக்கிறது எலிதான். கண்ணையும் முதுகையும் தின்னும். பாம்பு ஓடாமல் அப்படியே படுத்திருக்கும். ஆகவே கொன்றுதான் கொடுக்கவேண்டும். கொல்லப்போவது யார்? நாய்க்குட்டிக்கு ஊசி போடும்போது வெளியே போய் நின்ற ஆள் நீ.

சரி, நானே எலி வளர்ப்பேன் என்கிறாயா? வெள்ளை எலி மூன்று கிழமையில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு. கணக்குச் சரிவரும். ஆனால் ஆண் எலியின் மூத்திர மணம் நாலாம் மாடியில் உன் அறையிலிருந்து லிஃப்ற் வரைக்கும் வரும், கீழ்வீட்டு மாமி குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழும்புவா. கோழி இறைச்சித் துண்டு கொடுக்கலாம்தானே என்று யாராவது சொன்னால் நம்பாதே. பாம்புக்கு எலும்பு, ஈரல், குடல், தோல் எல்லாம் சேர்ந்த முழு உயிரினம் வேண்டும். கல்சியம் அந்த எலும்பிலிருந்துதான் வருகிறது.

உறைந்த எலியைப் பையில் போட்டு விற்கிற கடையை நான் கொழும்பில் காணவில்லை. எங்கேயாவது கிடைத்தாலும் அதற்குத் தனி ஃபிறீசர் வேண்டும், ஏனென்றால் உன் அம்மா மீனும் தேங்காய்ப்பூவும் வைக்கிற இடத்தில் எலி வைக்கவிடமாட்டா, விடவும் கூடாது. மின்சாரம்? 2022இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று போய் விழுந்ததென்று நாடே இருண்டது. ஒருமுறை உருகின எலியைத் திரும்ப உறையவைத்துக் கொடுக்கமுடியாது.

இப்போது நீட்டிப் பார். வளர்ந்த போல் பைதனுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு எலி என்றால் வருடத்துக்கு 26. அது 20, 30 வருடம் இருக்கும். 25 என்று வைத்தால் 650 எலி. அமெரிக்காவில் செயின்ற் லூயிஸ் விலங்குப் பூங்காவுக்கு 1961இல் வந்த ஒரு போல் பைதன் 2020இல் முட்டையிட்டது, 60 வயதைத் தாண்டி, பல வருடம் ஆணைக் காணாமல். நீயோ அடுத்த வருடம் மெல்பேர்ணுக்குப் படிக்கப்போக விண்ணப்பித்திருக்கிறாய். அவுஸ்திரேலியா செல்லப்பாம்பை நாட்டுக்குள் விடாது. அந்த 650 எலியில் மிச்சத்தை அம்மாவா உருக்கிக் கொடுக்கப்போகிறா?

இன்னொன்றையும் விற்கிறவர்கள் சொல்வதில்லை. போல் பைதன் சாப்பாட்டை மறுப்பதில் பேர்போனது. மாதக்கணக்காகத் தின்னாமல் கிடக்கும். கானா, தோகோ, பெனின் நாடுகளிலிருந்து இவை ஏராளமாக ஏற்றுமதியாகின்றன. அங்கே காட்டில் வேறு வகைக் கொறிவிலங்குகளையும் பறவைகளையும் தின்று பழகினது, இடுக்கியில் தொங்குகிற வெள்ளை எலியைச் சாப்பாடென்றே எண்ணாது. உண்ணியும் குடற்புழுவும் சேர்ந்தே வரும். நாய் பூனை பார்க்கிற எத்தனை வைத்தியர் பாம்பின் வாயைத் திறந்து பார்ப்பார்?

உன் அறையில் இரவு முழுக்க ஏசி ஓடுவதையும் சொல்லவேண்டும். பாம்பின் உடம்புக்குச் சொந்தச் சூடு இல்லை, வெளியிலிருந்து எடுத்துத்தான் சமிக்கும். இந்த இனத்துக்குக் கூட்டின் ஒரு பக்கம் 31, 32 பாகையும் மற்றப்பக்கம் 26 அளவும் வேண்டும். கொழும்பின் வெக்கையில் அது பெரிய பாடில்லை. ஏசி போட்ட அறையில் தின்ற எலி வயிற்றுக்குள் அழுகும். ஏசியை நிற்பாட்டிக் கூட்டையும் இறுக மூடினால் மழைக்கால ஈரத்தில் வயிற்றுச் செதில் புண்ணாகும், சளி பிடிக்கும். நீ ஏசியை விடுவாயா, பாம்பை விடுவாயா என்று எனக்குத் தெரியும்.

அம்மம்மா இருந்தால் "ஏன் இவ்வளவு கரைச்சல், பால் வையுங்கோவன்" என்றிருப்பா. புதூர் நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் கொண்டுபோகிறது எங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் குறைசொல்ல ஒன்றுமில்லை. அது சுவாமிக்கு. பாம்புக்குப் பால் சமிக்காது. தாகத்தில் வாட்டி வைத்தால் கிடைக்கிற எதையும் குடிக்கும், பாம்பாட்டிகள் காட்டுகிற பால் வித்தை அதுதான். ஒரு கிண்ணம் தண்ணீர் எப்போதும் இருந்தால் போதும்.

சட்டத்தை நீ கேட்கவில்லை, ஆனாலும் கேள். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும். காட்டுயிர்களை நாட்டுக்கு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் போல் பைதன் இருக்கிறது, ஏற்றுமதி செய்கிற நாட்டின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். இலங்கை 1979இலேயே அதில் சேர்ந்துவிட்டது. உனக்குப் படம் அனுப்பினவரிடம் அந்தப் பத்திரங்களைக் கேட்டுப்பார். "மச்சான், அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால், யாரோ ஒருவரின் பயணப்பெட்டியில் காலுறைக்குள் சுருட்டி வந்த குட்டி என்று வைத்துக்கொள்.

அப்போ ஊர்ப்பாம்பொன்றைப் பிடித்து வளர்க்கலாமே என்று உன் நண்பன் சொன்னானாம். எங்கள் ஊர் மலைப்பாம்பான வெங்கிணாந்தி சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதைவிடப் பயம் இன்னொன்று: வெங்கிணாந்திக் குட்டி என்று நினைத்துக் கொடிய நஞ்சுள்ள கண்ணாடிப் புடையனைக் கையில் தூக்கினவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். இரண்டும் பழுப்பு, இரண்டும் தடித்தது, இரண்டிலும் புள்ளி. புடையனுக்கு முதுகில் சங்கிலி கோத்த மாதிரி முட்டைவடிவப் புள்ளி மூன்று வரிசை. வெங்கிணாந்திக்கு ஒழுங்கில்லாத பெரிய திட்டுகள். பகலில், நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரவில் ரோர்ச் வெளிச்சத்தில் ஒரு பத்தொன்பது வயதுக்காரனுக்குத் தெரியுமென்று நான் நம்பவில்லை. வீட்டுச் சுவரில் ஏறுகிற கோடுபோட்ட சின்னப் பாம்பும் அப்படித்தான்: நஞ்சில்லாததற்குக் கழுத்துப் பக்கம் வளையம் தெளிவாயிருந்து வாலுக்குப் போகப்போக மங்கும், எண்ணெய் விரியனுக்குப் பெரும்பாலும் மறுவளமாக இருக்கும். விரியன் கடித்தால் நோவே பெரிதாகத் தெரியாது, படுத்த ஆள் எழும்பமாட்டான். இதைப் பார்த்துப் பழக ஆசையென்றால் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் ஊர்வனப் பகுதிக்கு ஒரு வேலைநாள் காலையில் போ, ஞாயிறு போனால் சனத்தின் முதுகைத்தான் பார்ப்பாய். கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டையும் வரைந்து பார். பராமரிக்கிறவர்களிடம் தீனி எங்கிருந்து வருகிறது என்று கேள்.

ஒருவேளை நீ காசைக் கொடுத்து, குட்டி இப்போது உன் கட்டிலுக்குக் கீழே இருந்தால், பதறாதே. வெள்ளவத்தைக் கால்வாயில் கொண்டுபோய் விடாதே. அது ஆபிரிக்கப் பாம்பு, விட்டால் ஒன்று அது சாகும், இல்லாவிட்டால் இங்கே இருக்கிற உயிர்களைத் தின்று வாழும். புளோரிடாவில் வளர்க்க வாங்கி விட்ட பர்மியப் பைதன்கள் பெருகி, சதுப்புநிலத்தில் முயலும் றக்கூனும் அருகிப்போயின. காற்றுத்துளை போட்ட, மூடி பூட்டுகிற ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில், கீழே பேப்பர் விரித்து, தண்ணீர்க் கிண்ணம் வை. தலை நுழைகிற இடைவெளியில் முழு உடம்பும் நுழையும், மூடியைத் தடவிப்பார். தீனி கொடுக்காதே, ஒரு கிழமை தின்னாவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. தொட்டால் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவு, சல்மொனெல்லா இருக்கும். சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதே. பிறகு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் எடு. தனியே கதைக்கப் பயமென்றால் இங்கே வா, என் போனில் எடுப்போம்.

அன்புடன்,
சின்னம்மா