அந்தச் சிலுவைக்குக் கீழே யாரும் இல்லை

ஐயா,

ஞாயிறு இணைப்பில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில், கிராமத்துத் தேவாலய வளாகத்தில் நிற்கும் போர் நினைவுச் சிலுவையைப் 'போர்வீரர்களின் கல்லறை' என்று எழுதியிருந்தார்கள். சின்னப் பிழைதான். ஆனால் அந்தக் கல் அங்கே நிற்பதற்கான காரணமே அதில் அடிபட்டுப் போகிறது.

முதல் உலகப் போரில் இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவர பிரிட்டிஷ் தரப்பு 1915இல் தடை விதித்தது. பணக்காரன் பிள்ளை வீடு திரும்ப, ஏழையின் பிள்ளை பிரான்ஸ் மண்ணிலேயே கிடக்கும் நிலை வேண்டாம் என்பது ஒரு காரணம். அப்புறம், உடலே கிடைக்காதவர்கள் வேறு. பிரான்ஸின் தியப்வால் நினைவுச்சின்னத்தில் மட்டும் 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பூ வைக்க ஓர் இடம்கூட இல்லாத தாய்மார்களுக்காகத்தான் ஊர் ஊராக நிதி திரட்டி இந்த நினைவுச் சிலுவைகளை எழுப்பினார்கள்.

மகளைப் பார்க்கப் போனபோது அப்படி ஒன்றின் முன் நின்றிருக்கிறேன். நூறு வீடு இருக்குமோ என்னவோ அந்த ஊரில். கல்லில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை. அண்ணன் தம்பிகளா, பங்காளிகளா? கல் சொல்லவில்லை. பதவி எதுவும் இல்லை, வெறும் அகர வரிசை. கீழே 1939–1945க்கு என்று பிற்பாடு சேர்த்த சிறு பட்டியல். பாசி படிந்திருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் எழுத்தே போய்விடும் என்றார் அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர்.

'கல்லறை' என்பதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்