பொறை, சிலேட்டு, ரெட்டு காய்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மே லீவுக்கு வரும்போது நம் தெருப் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் புரோகிராமிங் சொல்லித் தரப்போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். முதல் மூன்று நாள் லேப்டாப்பை வெளியே எடுக்காதே. திரையைப் பார்த்தால் கேம்தான் கேட்பார்கள். வீட்டுச் சாமானே போதும்.

முதல் நாள் டீயும் பொறையும். ஆறிய டீ அரை டம்ளர், பத்துப் பொறை. நீதான் மிஷின். அவர்கள் சொன்னதை மட்டும் செய், சொல்லாததைச் செய்யவே செய்யாதே. "பொறையை எடுத்து டீயில போடுக்கா" என்பான் ஒருவன். முழுசாக உள்ளே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில். அடுத்தவள் உஷாராகி, "கையில பிடிச்சுக்கிட்டே நனைக்கா" என்பாள். பிடித்துக்கொண்டே இரு. பொறை ஊறி, கழன்று, பாதி டம்ளரின் அடியில் போய் உட்காரும்வரை விடாதே. சிரிப்பு அடங்கியதும் கேள்: "எப்ப எடுக்கணும்னு யாராச்சும் சொன்னீங்களா?" ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது லூப், நிறுத்தச் சொல்லாத இதுதான் முடிவில்லாத லூப். "மூணு எண்ற வரைக்கும்" என்று திருத்துவார்கள். "ஓரம் மெத்துனு ஆகுற வரைக்கும்" என்று இன்னொருத்தி சொன்னால் அவளைத் தட்டிக்கொடு, ஆனால் அசையாதே. ஒவ்வொரு எண்ணுக்கும் தொட்டுப் பார் என்று சொல்லாவிட்டால் மிஷின் தொட்டுப் பார்க்காது. சம்பளம் வாங்கும் புரோகிராமர்களும் கோட்டை விடும் இடம் இது.

சிரிப்பு மிஷின் மேல்தான் விழ வேண்டும். சொன்ன பிள்ளை மேல் விழுந்தால் மறுநாள் அது வாயைத் திறக்காது. அதனால் முதல் இரண்டு நாள் மிஷின் வேலையை வேறு யாருக்கும் கொடுக்காதே.

அடுத்து வேரியபிள், அதாவது ஒரு மதிப்பை எழுதிவைக்கும் பெயரிட்ட இடம். அதை டப்பா என்று சொல்லித் தருவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு டப்பா அரிசியை இன்னொன்றில் கொட்டினால் முதல் டப்பா காலி. இரண்டாவதில் உளுந்து இருந்தால் இரண்டும் கலந்துவிடும். கம்ப்யூட்டரில் இது இரண்டும் நடக்காது. அதனால் மூன்று சிலேட்டு வாங்கி, இரண்டின் சட்டத்தில் 'அ', 'ஆ' என்று பெயின்டில் எழுது. அ-வில் 5, ஆ-வில் 7. 'அ = ஆ' என்றால் ஆ-வைப் பார், அ-வை அழி, பார்த்ததை அங்கே எழுது. ஆ அப்படியே இருக்கும். நடுவில் இருக்கும் குறியை 'சமம்' என்று வாசிக்க விடாதே. கணக்கு வகுப்புப் பழக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். "அ-வில் ஆ-வை எழுது" என்றே வாசிக்கட்டும்.

இப்போது இரண்டையும் மாற்றிப் போடச் சொல். 'அ = ஆ', பிறகு 'ஆ = அ' என்பார்கள். இரண்டு சிலேட்டிலும் 7 நிற்கும். 5 எங்கே என்று கேட்டால், அழித்த துணியில் ஒட்டியிருக்கும் பலப்பத் தூளைத்தான் காட்ட முடியும். மூன்றாவது சிலேட்டு வேண்டும் என்று அவர்களே கேட்கும்வரை அதைப் பைக்குள் வைத்திரு.

நிபந்தனைக்கு கேரம் போர்டு. கேரம் வீராங்கனை காசிமா 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த வட்டாரம் இது, விதி சொல்லித் தர வேண்டியதில்லை. ரெட்டு விழுந்தால் அதைத் தொடர்ந்து உன் காய் ஒன்றையும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. விழுந்தால் ரெட்டு உனக்கு, இல்லாவிட்டால் நடுவுக்குத் திரும்பும். இதைச் சீட்டில் எழுதச் சொல். பாதிப் பேர் 'ரெட்டு விழுந்தால்' ஒரு சீட்டு, 'ஃபாலோ விழுந்தால் ரெட்டு உனக்கு' தனிச் சீட்டு என்று எழுதுவார்கள். அதன்படி ஆடிக் காட்டு. ரெட்டைத் தொடாதவன் வெறும் வெள்ளைக் காயைப் போட்டுவிட்டு ரெட்டைத் தூக்கிக்கொண்டு போவான். மாடியில் சண்டையே வரும், வரட்டும். இரண்டாவது சீட்டு முதல் சீட்டின் உள்ளே இருக்க வேண்டும் என்பது அந்தச் சண்டையில்தான் விளங்கும். கடைசியில் ஃபாலோ சீட்டைச் சின்னதாக மடித்து, ரெட்டுச் சீட்டுக்குள் வைத்துக் காட்டு.

பட்டியலுக்கு முட்டை அட்டை. 30 குழிக்கும் 0 முதல் 29 வரை மார்க்கரில் நீயே எழுதிவிடு. அவர்களிடம் விட்டால் பரமபதம் மாதிரி வளைந்து வளைந்து எழுதுவார்கள். முதல் குழி ஏன் 0? அதை அடைய எத்தனை குழி தாண்ட வேண்டும் என்று கேள். 30 என்ற எண்ணுள்ள குழியில் காய் வைக்கச் சொன்னால் அட்டைக்கு வெளியே தரையில் விழும். பைத்தான் என்ற புரோகிராம் மொழி அங்கேயே நிறுத்திப் பிழை சொல்லும், சி மொழி நிறுத்தும் என்று நம்ப முடியாது. ஒன்று கூடக்குறையப் போகும் இந்தப் பிழைக்குத் துணிக்கொடியும் உதவும். ஐந்து கர்ச்சீப்பை ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் காயப்போட ஆறு கிளிப் வேண்டும். ஐந்தே கொடு.

பிழைகளுக்கு ஒரு 'பூச்சி நோட்டு' போடு. சொன்னது, நடந்தது, காரணம் என்று மூன்று பத்தி. 1947இல் ஹார்வர்ட் மார்க் 2 கணினியின் ரிலேயில் (மின் சுவிட்சில்) கிடைத்த அந்துப்பூச்சியை நோட்டில் டேப் போட்டு ஒட்டிவைத்ததைச் சொல், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் பிழைக்கு 'பக்' (பூச்சி) என்ற பேரே அதிலிருந்து வந்ததாகச் சொல்லிவிடாதே. இன்ஜினியர்கள் அதற்கு முன்பே பேசிய வார்த்தை.

முட்டை அட்டை இரண்டு நம் கடையில் சொல்லிவைக்கிறேன். கர்ச்சீப் எம்.சி. ரோட்டில் வாங்கிக்கொள்ளலாம். சிலேட்டு மட்டும் நீ வரும்போது கொண்டுவா, கல் சிலேட்டு வேண்டாம், மாடியில் விழுந்தால் உடையும்.

அன்புடன்,
அப்பா