விடுதி அறையில் வளர்ந்த இயக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளில் கிறிஸ்தவ மாணவர் குழுக்கள் வளர்வதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'எல்லாம் வெளிநாட்டு வேலை' என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. 1877-இல் கேம்பிரிட்ஜில் மாணவர்கள் தொடங்கிய ஐக்கியம் இன்றும் நடக்கிறது. 1947-இல் 10 நாடுகளின் மாணவர் இயக்கங்கள் கூடி ஐ.எஃப்.இ.எஸ். என்ற உலகக் கூட்டமைப்பை அமைத்தன. இந்தியாவில் யு.இ.எஸ்.ஐ. என்ற நற்செய்தி மாணவர் ஐக்கியம் உருவானது 1954-இல், அதன் முதல் பொதுச் செயலாளர் பி.டி. சந்தபிள்ளை இந்தியர்தான்.

இந்தக் குழுக்கள் நடக்கும் விதத்தைப் பார்த்தால் வளர்ச்சியின் காரணம் புரியும். கட்டடம் கிடையாது, போதகர் கிடையாது. விடுதி அறையிலோ மரத்தடியிலோ நாலைந்து பேர் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். நடத்துவது மூன்றாம் ஆண்டு மாணவர். அடுத்த வருடம் அவர் போய்விடுவார், ஜூனியர் ஒருவர் பொறுப்பேற்பார். படிப்பை முடித்து வேலைக்குப் போனவர்கள், பட்டதாரிகள் ஐக்கியத்தில் சேர்ந்து, தம் சம்பளத்திலிருந்து கொடுப்பார்கள். ஊரை விட்டு வந்த முதலாமாண்டு பிள்ளைக்கு முதலில் கிடைப்பது பிரசங்கம் அல்ல, சாப்பிடக் கூப்பிடும் ஓர் அண்ணனோ அக்காவோ!

எனக்குள்ள குறை வேறு. இப்போது பல இடங்களில் பெரிய மேடை, ஒலிபெருக்கி, வெளியிலிருந்து வரும் பேச்சாளர் என்று கூட்டம் சேர்ப்பதில் ஆர்வம் கூடியிருக்கிறது. அங்கே மாணவன் வெறும் பார்வையாளன். அப்புறம், விருப்பமில்லாத அறைத்தோழரை நச்சரித்து அழைத்துப் போவதும் சரியில்லை. அரசமைப்பின் 25-ஆவது பிரிவு தரும் மனச்சான்றுச் சுதந்திரம் அவருக்கும் உண்டு. வளாகத்தில் கூடுவதற்கு அனுமதி கேட்கும் மாணவர்கள் இதை முதலில் தங்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும்.

— ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி