மிச்சக் காலத்துக்கு ஒரு தேர்தலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மக்களவைக்கும் எல்லா மாநிலச் சட்டமன்றங்களுக்கும் சேர்த்தே தேர்தல் நடத்தும் 'ஒரே நாடு ஒரே தேர்தல்' திட்டம் பற்றிய உங்கள் கட்டுரை, மிச்சமாகும் பணத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. எனக்குப் பெரும் கவலை தரும் பிரிவை அது தொடவே இல்லை.

2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போன 129ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா என்ன சொல்கிறது? ஒரு சட்டமன்றம் நடுவில் கலைந்தால், அடுத்து வரும் சட்டமன்றத்துக்கு ஐந்தாண்டு கிடையாது. பழைய அவை விட்டுச்சென்ற மிச்சக் காலம் மட்டும்தான். மூன்றாம் ஆண்டு முடிவில் ஆட்சி கவிழ்ந்தால், புதிதாக ஜெயித்து வருபவர்களுக்கு இரண்டே ஆண்டு. அப்புறம் மறுபடியும் தேர்தல். தேர்தல்களைக் குறைக்கிறோம் என்று வந்த மசோதா, இங்கே ஒரு தேர்தலைக் கூட்டத்தானே செய்கிறது?

தமிழ்நாட்டுக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2029 தேர்தலுக்குப் பிறகு கூடும் மக்களவையின் முதல் அமர்வன்று இந்த முறை நடைமுறைக்கு வருவதற்கான அறிவிப்பு வெளியானால், 2031இல் நாம் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றம் அந்த மக்களவையின் ஆயுளோடு சேர்ந்து 2034இல் முடிந்துவிடும். யாரும் கவிழ்க்காமலே, பெரும்பான்மை இருந்தும், மூன்றே ஆண்டு. ஐந்தாண்டுக்கென்று நாம் போடும் ஓட்டில் இரண்டு ஆண்டை வெட்டி எடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

1967 வரை சேர்ந்துதானே நடந்தது என்கிறார்கள். நடந்தது, சரி. ஆனால் கேரளத்தில் 1959இலேயே முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசைக் கலைத்துவிட்டு 1960இல் தனியாகத் தேர்தல் வைத்தார்கள். 1967க்குப் பிறகு பல மாநிலங்களில் ஆட்சிகள் கவிழ்ந்ததால் உத்தரப் பிரதேசம், பீகார், பஞ்சாப், மேற்கு வங்கம் நான்கும் 1969இல் இடைக்காலத் தேர்தலைச் சந்தித்தன. கடைசியில் இந்திரா காந்தி அரசே 1970 டிசம்பரில் மக்களவையை முன்கூட்டிக் கலைக்கச் செய்தது. நம்முடைய முறையில் ஓர் அரசு அவையின் நம்பிக்கை உள்ளவரைதான் நிற்கும். அந்த நம்பிக்கை எப்போது போகும் என்று காலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தேர்தல் தேதி அறிவித்ததும் அமலாகும் நடத்தை விதிமுறையால் அரசுப் பணிகள் முடங்குகின்றன என்பது உண்மையான குறைதான். ஆனால் 2024ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 16 அன்று தேர்தல் தேதிகளை அறிவித்தார்கள். நாம் ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டோம். எண்ணியதோ ஜூன் 4 அன்று. நாம் போட்ட ஓட்டு ஆறு வாரத்துக்கு மேல் பெட்டியிலேயே கிடந்தது. ஒரே ஒரு தேர்தலுக்கே இவ்வளவு காலம். நாடு முழுவதும் ஏழு கட்டமாக வாக்குப்பதிவு நடத்தினார்கள்; அந்தக் கட்டங்களைக் குறைத்தாலே இந்த முடக்கத்தில் பெரும்பகுதி தீரும். அதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதே இல்லை.

இரண்டு ஓட்டு சேர்ந்து வந்தால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2019இல் இதே தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் காலத்திலேயே 22 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது; அவற்றில் 18 தொகுதிகளில் இரண்டு ஓட்டும் ஒரே நாளில். மக்களவையில் அ.தி.மு.க.வுக்கு ஒரே ஒரு இடம். இடைத்தேர்தலில் ஒன்பது இடம் கொடுத்து அதன் ஆட்சியைக் காப்பாற்றினார்கள். ஓட்டுப் போடுகிறவருக்குத் தெளிவு இருக்கிறது. என் பயம் பிரச்சாரத்தைப் பற்றியது. பிரதமர் யார் என்ற சத்தத்துக்கு நடுவே, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு விவசாயி கேட்பது எந்த மேடையில் எடுபடும்?

வாக்குச்சாவடிப் பணி பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவில் 2019இல் அதிபர் தேர்தலையும் சட்டமன்றத் தேர்தல்களையும் ஒரே நாளில் வைத்து, ஒரு வாக்காளர் கையில் ஐந்து வாக்குச்சீட்டு வரை கொடுத்தார்கள். விடிய விடிய எண்ணி, களைப்பாலும் நோயாலும் இறந்துபோன தேர்தல் பணியாளர்கள் ஏறக்குறைய 900 பேர். 2029 முதல் தேசியத் தேர்தலையும் உள்ளூர்த் தேர்தலையும் பிரித்து நடத்த வேண்டும் என்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. அவர்கள் பட்டுவிட்டு விலகுகிற வழியில் நாம் ஏன் போக வேண்டும்?

கூட்டுக் குழுவில் இடம்பெற்றுள்ள தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இந்த மிச்சக் காலப் பிரிவில் என்ன நிலை எடுக்கிறார்கள் என்று நேரில் கேட்டு, அவர்கள் பதிலை உங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம்.